மாங்கொட்டைக் கூன்வண்டு
(கல்லாவியில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



கணக்குப் பார்க்க வந்தவன் வண்டைப் பற்றிப் பேசுவானேன் என்று தாங்கள் நினைக்கக்கூடும். சங்கத்துக் கடனில் மாந்தோப்பு வைத்தவர்களுக்கு இதுவும் கணக்கைச் சேர்ந்ததே.

கிருஷ்ணகிரி ஜில்லாவில் மிகுதியாய் விளையும் பெங்களூரா மாங்காயைப் பிளந்து, கொட்டையையும் உடைத்துப் பாருங்கள். தோலில் ஒரு துளையும் இராது. ஆயினும் சில காய்களில் பருப்பு கறுத்து, நடுவே ஒரு வண்டு இருக்கும். நீளம் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு. பருத்துக் குறுகிய உடல். புதிதாய் வெளிவருங்கால் செம்பழுப்பு. பின்னர் மரப்பட்டையின் நிறமே ஆகிவிடும். முதுகில் வெளிறிய திட்டுக்கள் உண்டு. முகம் மூக்குப்போல் நீண்டு கீழே வளைந்திருக்கும். தொட்டால் மூக்கையும் கால்களையும் மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். மண்கட்டியென்று எறிந்துவிடுவோரே அதிகம்.

இது காய்க்குள் எவ்வாறு புகுந்தது? வண்டாய்ப் புகவில்லை. காய் எலுமிச்சையளவு இருக்கையில் பெண்வண்டு தோலில் தோணிபோல் சிறு குழி பறித்து ஒரு முட்டை இடும். பக்கத்திலேயே பிறைபோல் ஒரு கீறலும் இடும். அதில் வடியும் பால் உறைந்து முட்டையை மூடிக்கொள்ளும். 5 முதல் 7 நாட்களில் பொரிக்கும் காலில்லாத வெண்புழு, இளஞ்சதையைத் துளைத்துக் கொட்டையை அடையும். காய் பெருக்கப் பெருக்க அது போன வழி தூர்ந்துபோகும். பிறகு எந்த மருந்து தெளித்தும் பயனில்லை.

சதைக்குப் பெரும்பாலும் கேடில்லை என்பது மெய்யே. ஆனால் அக்கொட்டை ஒட்டுக்கன்றுக்கு நன்றாய் முளைக்காது. வெளிதேச வியாபாரத்திற்கும் இது தடை. 2007-ல் அமெரிக்கா நம் நாட்டு மாம்பழத்தை அனுமதித்தபோது, 400 கிரே அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பின்னரே வரவேண்டுமென்று விதித்ததற்கு இவ்வண்டும் ஒரு முக்கிய காரணம்.

இதற்கு வருஷத்தில் ஒரே தலைமுறைதான். வெகுதூரம் பறக்கவும் மாட்டாது. கொட்டை போகுமிடமெல்லாம் அதுவும் போகும். கொட்டையினின்று வெளிவந்து, பட்டை வெடிப்பில் ஒளிந்து, அடுத்த பூக்காலம் வரை காத்திருக்கும். ஆகையால் உதிர்ந்த காய்களையும் கொட்டைகளையும் அவ்வப்போது பொறுக்கி எரித்துவிட வேண்டும். பூக்குமுன் தளர்ந்த பட்டையைச் சுரண்டி அதையும் எரிக்க வேண்டும். ஒருவர் செய்து பக்கத்துத் தோப்புக்காரர் சும்மா இருந்தால் பலன் அரைகுறையே. தோப்பைக் குத்தகைக்கு விடுவோர், கழித்த காய்க் குவியலைக் குத்தகைதாரரே அப்புறப்படுத்த வேண்டுமென்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். இதை எழுதியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

அடுத்த கூட்டத்திற்கு வருமுன் ஒவ்வொருவரும் தத்தம் தோப்பில் இருபது கொட்டை உடைத்து, எத்தனையில் வண்டு இருந்ததென்று குறித்து வாருங்கள்.