மேல்மாடியில் கூப்பிட்ட குரல்



"இனி எல்லாம் தானாக நடக்கும்" என்று கணினி வேலை தெரிந்தவர்கள் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். அந்தத் 'தானாக' என்ற சொல் ஒரு சனிக்கிழமை என்னைத் தலைகுனிய வைத்தது.

லண்டனில் ஒரு தமிழர் நிலையத்தில் தொண்டாகக் கணினி வேலை பார்க்கிறேன். கீழ்த்தளத்தில் தமிழ்ப் பள்ளி, முதல் மாடியில் அலுவலகம், இரண்டாம் மாடியில் முதியோருக்கான வாசிகசாலை. மூன்றும் ஒரே வலையமைப்பில் இருந்தன. பிள்ளைகளின் கணினிகளும் அலுவலகக் கணக்குகளும் ஒன்றாகக் கிடப்பது நல்லதல்ல என்று, 2022 தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அதை மூன்று பிரிவுகளாகப் பிரித்தேன்.

வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி வேண்டும். அதைக் கையால் எழுதப் போனால் ஒரே இலக்கம் இரண்டு கணினிக்குப் போய்விடும். அதனால்தான் டி.எச்.சி.பி. என்ற முறை வந்தது. 1993இல் வகுக்கப்பட்டு, 1997இல் ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய ஆவணத்தில் திருத்தமான வடிவம் பெற்றது. சேர்வர் ஒன்று முகவரிகளைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கும்.

புதிதாக விழித்தெழும் கணினிக்கு யாரிடம் கேட்பதென்று தெரியாது. "எனக்கு முகவரி தருவார் யாரும் உண்டோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கூப்பிடும். சேர்வர் "இதோ ஒன்று" என்னும். கணினி "அதையே தாருங்கள்" என்னும். சேர்வர் "சரி, உமக்குத்தான்" என்று உறுதி சொல்லும். நாலே நாலு வார்த்தை.

ஆனால் அந்தக் கூப்பாடு ரவுட்டரைத் தாண்டாது. தாண்டவிட்டால் ஒரு பிரிவின் இரைச்சல் எல்லாப் பிரிவுகளிலும் நிறைந்துவிடும். ஆகவே பிரிவுக்கு ஒரு சேர்வர் வைக்க வேண்டும். அல்லது ரவுட்டரில் ரிலே என்ற தூதுவனை நியமிக்க வேண்டும். ரிலே கூப்பாட்டைக் கேட்டு, அந்தப் பிரிவில் தனக்குள்ள முகவரியை அதில் குறித்து, நேரே சேர்வருக்கு அனுப்பும். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எந்தப் பிரிவின் பட்டியலிலிருந்து முகவரி கொடுப்பதென்று சேர்வர் முடிவு செய்யும்.

எங்கள் சேர்வர் முதல் மாடியில் இருந்தது. மூன்று பிரிவுக்கும் பட்டியல் எழுதினேன். கீழ்த்தளத்துக்கு ரிலே வைத்தேன். மேல்மாடிக்கு மறந்துபோனேன். அங்கிருந்த பிரிண்டரைக் கீழிருந்து சோதித்தபோது அது பதில் சொன்னது. எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போய்விட்டேன். அந்தப் பிரிண்டருக்கு முகவரியைக் கையால் எழுதியவனே நான்தான். பாதை திறந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டியது. முகவரி கிடைக்கிறது என்பதை அல்ல.

மறுநாள் காலை எட்டரைக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. வாசிகசாலைக்கு ஒழுங்காக வரும் ஓர் அம்மாவின் அக்கா யாழ்ப்பாணத்தில் காலமாகியிருந்தார். அங்கே பின்னேரம் இரண்டு மணி. செத்தவீட்டை இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறார்கள். இங்கே கணினி திறக்கவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் 169.254 என்று தொடங்கும் முகவரி. கேட்டும் யாரும் பதில் தராதபோது கணினி தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் முகவரி அது. அதைக் கண்டதுமே என் பிழை எனக்கு விளங்கிவிட்டது. அந்த அம்மா ஏசவில்லை. "தம்பி, ஒருக்கால் கெதியாப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னார்.

ரவுட்டரில் ஒரு வரி எழுதினேன். கணினி முகவரி பெற்றது. படம் வந்தபோது கிரியைகள் முடிந்து பாடையைத் தூக்கிவிட்டார்கள். அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. "படலை தாண்டிப் போறதையாவது கண்டன், தம்பி" என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நேயர்களே, உங்கள் கோயிலிலோ பள்ளியிலோ சங்கத்திலோ வலையமைப்பைப் பிரிக்கிறீர்களா? ஒவ்வொரு பிரிவுக்கும் சேர்வரில் பட்டியல் உண்டா, ரவுட்டரில் ரிலே உண்டா என்று இரண்டையும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பிரிவிலும், முகவரி எதுவும் எழுதி வைக்காத ஒரு கணினியைக் கொண்டுபோய்ப் புதிதாகத் திறந்து பாருங்கள். முன்பே குத்தகை பெற்ற கணினியை நம்ப வேண்டாம். அது குத்தகையைப் புதுப்பிக்கச் சேர்வரோடு நேரடியாகவே பேசிக்கொள்ளும். ரிலே இல்லாத குறை அதில் தெரியாது.

நான் இப்போது ஒவ்வொரு மாடியாக ஏறித்தான் சோதிக்கிறேன். மேல்மாடியிலிருந்து தொடங்குகிறேன்.