‘விஷ்ணுபுரம்’ முடித்த பிறகு

அவிநாசியிலிருந்து பேசறேன். ஜெயமோகனோட ‘விஷ்ணுபுரம்’ நாவலைப் போன வாரம் முடிச்சேன். 1997ல வந்தது. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடின்னு மூணு பாகம். ஒரே நாவல்தான், ஆனா மூணு புத்தகம் படிச்ச களைப்பு. டார்க் ஃபேன்டஸி கேக்கறவங்களுக்கு நான் முதல்ல இதைத்தான் கொடுப்பேன். முடிவைப் பத்தியும் பேசுவேன். படிக்காதவங்க இங்கயே நிறுத்திக்கலாம்.

சோனா நதிக்கரையில ஒரு கோயில் நகரம். உள்ளே பிரம்மாண்டமான கரிய சிலை படுத்திருக்கு. யுகத்துக்கு ஒருதடவை அது புரண்டு படுக்கும்னு நம்பிக்கை. முதல் பாகத்துல திருவிழா. ரெண்டாவது பாகம் காலத்துல பின்னாடி போகுது: அஜிதன்ங்கற பௌத்தர் ஞானசபை வாதத்துல ஜெயிக்கறார். மூணாவதுல பிரளயம், ஊரே போயிடுது.

அந்த வெள்ளத்தை விட என்னை உலுக்கினது திருவடி. முதல் பாகத்துல காதல்ல பித்தாகி அலையற மனுசன். பின்னாடி வர்றவங்களுக்கு அவர் ஆழ்வார். அவர் பட்ட அவமானம் யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்த சாட்சி, வாசகனான நான் மட்டும்தான்.

எங்க ஊர்க் கதை ஞாபகம் வந்தது. முதலை விழுங்கின பையனைச் சுந்தரர் பதிகம் பாடி, சில வருசம் கழிச்சு, வயசுக்கேத்த வளர்ச்சியோட மீட்டார்னு அவிநாசித் தலபுராணம் சொல்லுது. காலம் விழுங்கினது திரும்ப வரும்னு அதுல நம்பிக்கை இருக்கு. ‘விஷ்ணுபுரத்துல’ போனவங்க திரும்ப வர்றதில்லை. அவங்களைப் பத்தின கதைதான் வருது, அதுவும் மாறிப்போய்.

நான் பனியன் கம்பெனியில செக்கிங் பண்றேன். தினமும் எத்தனையோ பீஸ் கை மாறுது. லேபிள்ல இருக்கற பேரு எங்க யாரோடதும் இல்லை. அதனால, கட்டினவங்க பேரே மிஞ்சாத ஒரு நகரம் எனக்குக் கற்பனையாத் தெரியலை.

அப்ப எல்லாம் வீணான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அப்படித் தோணலைங்க. பண்டிதர்களுக்கு நடுவுல, சிற்பிக்கும் சமையல்காரருக்கும் கூட நாவல் பக்கம் ஒதுக்குது. யாரும் ஞாபகம் வைக்கலைன்னாலும் வேலையைச் சரியாச் செஞ்ச கை இருந்தது, அது போதும்னு எனக்குப் பட்டது.

புதுசாப் படிக்கறவங்களுக்கு ஒண்ணு: கௌஸ்துபத்துல வாதங்கள் நீளம். தாண்டிப் போயிடாதீங்க. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும்.

நீங்க முடிச்சிருந்தா எழுதுங்க: அந்தப் பிரளயம் உங்களுக்குத் துக்கமா, விடுதலையா?