கிருமியும் நரம்பும்



மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல் நம் நரம்பிழைகளுக்கும் உறை உண்டு. உடலின் காவற்படையே அவ்வுறையை அரிக்கும் நோய் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ். பார்வை மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். இளவயதினரை, அவருள்ளும் பெண்களை, இது மிகுதியாகப் பற்றுகிறது.

எச்சில் வழியே பரவும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் 1964இல் கண்டறியப்பெற்றது. ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரைப் பற்றி ஆராய்ந்த ஹார்வர்ட் அறிஞர்கள், அது தொற்றியபின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு பெருகுவதை 2022இல் வெளியிட்டனர். கிருமியின் ஒரு கூறு நரம்புறைப் புரதத்தை ஒத்திருப்பதால், காவற்படை ஆளை மாற்றி அடிக்கிறது என்பது அவ்வாண்டே வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியின் முடிவு.

ஆயினும் அன்பர்களே, இக்கிருமி உலகில் 100க்கு 90 பேருக்கு மேல் உண்டு. நோயோ மிகச் சிலருக்கே. பரம்பரைக் கூறு, புகைப்பழக்கம் போன்றவையும் சேர்ந்தே அதனை விளைவிக்கின்றன. நோய் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றுவதன்று. எனவே நோயுற்றாரை ஒதுக்குவதும், மருமகளின் நோயைப் பிறந்தகத்தின் குறையெனப் பழிப்பதும் அறமாகா.

நம் பெங்களூரிலேயே நிமான்ஸ் மருத்துவமனை இருக்கிறது. ஒரு கண் திடீரென மங்கினாலோ, கைகால் மரத்தாலோ, நாள் கடத்தாது செல்வோம். நோயை வேரறுக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும் காலத்தே தொடங்கும் சிகிச்சை அதன் வேகத்தைத் தணிக்கும்.