இரண்டாம் கட்டத்தில் தமிழ் ஏன் இல்லை?



முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் இயற்பியல் நடத்தியவன் நான். இந்தப் புத்தகத் திருவிழாவில் ஐ.ஐ.டி. சேர்க்கை பற்றிப் பேசச் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-இல் கிண்டிக் காட்டுப் பகுதியில் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யை நம்மில் பலர் சுவருக்கு வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறோம். உள்ளே புள்ளிமானும் வெளிமானும் மேய்கின்றன. மாணவர் விடுதிகளுக்குக் காவிரி, கிருஷ்ணா, நர்மதா என்று ஆறுகளின் பெயர். நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி காவிரி என்று எழுதிய பலகையைக் கடந்து வகுப்புக்கு நடக்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

அவள் எங்கே தடுக்கப்படுகிறாள் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தேர்வு இரண்டு கட்டம். முதலாவது ஜே.இ.இ. மெயின். 2021 முதல் இதைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். அதில் முன்னணியில் வரும் சுமார் இரண்டரை லட்சம் பேருக்குத்தான் இரண்டாவது கட்டமான அட்வான்ஸ்டு எழுதத் தகுதி. ஒரே நாளில் இரண்டு தாள், தாளுக்கு மூன்று மணி நேரம். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் எழுத முடியும். இந்தத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது.

இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். கணினித் திரையில் ஒரு வினா புரியவில்லை என்றால், இந்தி தெரிந்த பிள்ளை மொழியை மாற்றிப் படித்துக்கொள்ளலாம். நம் பிள்ளைக்கு மாற்றிக்கொள்ள எதுவும் இல்லை. மெயின் தேர்வைத் தமிழில் எழுதி, லட்சக்கணக்கானோரைத் தாண்டி வந்தவள் அவள். அந்த அறிவு சில மாதங்களில் எங்கே போய்விடும்?

கோண உந்தம் என்று சொன்னால் சுழலும் நாற்காலியில் கையை விரித்தும் மடக்கியும் காட்டுவாள். நிலைமத் திருப்புத்திறனைக் கரும்பலகையில் தருவித்துக் காட்டுவாள். அட்வான்ஸ்டு வினாவோ அரைப் பக்கம் நீளும். ஒரு விடையா, பல விடையா என்று பார்க்க வேண்டும். பல விடை கொண்ட வினாவில் எல்லா விடையும் சரியானால் நான்கு மதிப்பெண், தவறினால் இரண்டு குறையும். "இருந்தால் மட்டுமே" என்ற நிபந்தனையை ஆங்கிலத்தில் ஒரு கணம் பிசகிப் படித்தால் போதும். அப்போது அவள் இழப்பது இயற்பியல் தெரியாததால் அல்ல.

பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தானே நடக்கிறது, தேர்வு மட்டும் தமிழில் எதற்கு என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஐயா, உள்ளே போனால் மொழி பழக அவளுக்கு நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. விடுதி அறைத் தோழி இருப்பாள், சீனியர் அக்கா இருப்பாள், புரியாத பாடத்தை இரவு இரண்டு மணிக்கு ஒன்றாக உட்கார்ந்து படிக்கும் கூட்டம் இருக்கும். முதல் செமஸ்டர் கண்ணீரோடுதான் போகும், நான் மறைக்கவில்லை. ஆனால் தேர்வறையில் அவளுக்குக் கிடைப்பது மூன்று மணி நேரம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் குறிப்பிட்ட சிலரை ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்த்துக்கொண்டு, பிறகு பட்டப் படிப்புக்கு அனுப்பும் ஏற்பாட்டை ஐ.ஐ.டி.களே வைத்திருக்கின்றன. ஆகவே, பின்னால் பழக்கிக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரியாத வழி அல்ல.

தாய்மார்களே, செலவை நினைத்து மகளின் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி. செல்பவர்களின் பட்டப் படிப்புச் செலவை மாநில அரசு ஏற்பதாக அறிவித்திருக்கிறது. இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளையின் தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியவற்றில் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அரங்க வாசலில் மேசை போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். அட்வான்ஸ்டு வினாத்தாள் தமிழிலும் வேண்டும் என்று ஐ.ஐ.டி.களின் கூட்டுச் சேர்க்கை வாரியத்துக்கு எழுதிய மனு அதில் இருக்கிறது. முதல் கையெழுத்து என் பழைய மாணவி போட்டது. போன ஆண்டு இரண்டாவது முறையும் எழுதிவிட்டு வந்தவள் அவள். அடுத்த வரியில் நான் போட்டிருக்கிறேன். மூன்றாவது வரி காலியாக இருக்கிறது.