காத்தவர் பெயர்களும் ஏட்டில் ஏறவேண்டும்

(நாலந்தாவில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இவ்வூரிலே கற்கோயில் ஒன்று நிற்கிறது. பல்லவர் சிற்பநெறியில் எழுந்து, பௌத்தர் போற்றும் கெடிகே அது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் நீர் அதனை விழுங்கவிருந்தபோது, கல் கல்லாகக் கழற்றி மேட்டிலே மீண்டும் எழுப்பினார்கள். கல்லைக் காக்கத் திட்டமும் பணமும் இந்நாட்டில் இருந்தன. சில ஆண்டுகளே சென்றன. 1983 யூலையிலே, மனிதரைக் காக்கவேண்டிய அரசு கைகட்டி நின்றது. மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மனின் தேர்களும் தீக்கிரையாயின. கொழும்பிலே காடையர் வாக்காளர் இடாப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு வீடு வீடாகத் தமிழரைத் தேடினர். வெலிக்கடைச் சிறையினுள்ளே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அதற்காக ஒருவரேனும் தண்டிக்கப்பட்டதுண்டா? இல்லை.

இவற்றை மேடைதோறும் சொன்னோம், இனியும் சொல்வோம். சொல்லாது விட்ட ஒன்றைச் சொல்லவே இன்று வந்தோம். இடாப்போடு வந்தவனை வாசலில் மறித்து, "இங்கே தமிழர் எவருமில்லை" என்று பொய்யுரைத்த சிங்கள அயலவரும் அந்நாட்களில் இருந்தனர். தம் வீட்டு அறைகளில் நம்மவரை ஒளித்துவைத்து, இருட்டிய பின் சோறு கொடுத்தோர் இருந்தனர். அகப்பட்டிருந்தால் அவர்கள் கூரையிலும் தீ வைத்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்த ஏட்டில் உளது?

யூதர் என்ன செய்தனர் என்று பாருங்கள். (இஸ்ரேல் அரசின் செயல்களை ஏற்பதும் மறுப்பதும் வேறு வழக்கு, நல்ல சட்டத்தை எவரிடமும் கற்கலாம்.) இட்லரின் ஆட்சியிலே 60 இலட்சம் பேரைப் பறிகொடுத்த அம்மக்கள், 1953ஆம் ஆண்டு யாட் வாஷெம் நினைவகத்தை நிறுவிய சட்டத்திலேயே, உயிரைப் பணயம் வைத்துத் தம்மைக் காத்த பிற இனத்தாரையும் நினைவுகூரவேண்டுமென எழுதிவைத்தனர். 1963இல் அதற்கென ஓர் ஆணைக்குழு அமைந்தது. அதன் முதல் தலைவர் யார்? கொலைஞன் ஐக்மனின் வழக்கை விசாரித்த மன்றுக்குத் தலைமை வகித்த மோஷே லண்டாவ் என்னும் அதே நீதியரசர்! லித்துவேனியாவில் யூத அகதிகளுக்கு விசா எழுதிக் குவித்த சுகிஹாரா என்னும் ஜப்பானியர் உட்பட, 28,000க்கு மேற்பட்டோர் இதுவரை அப்பட்டத்தைப் பெற்றுள்ளனர். முகமனுக்காகத் தரும் பட்டமன்று அது. உயிராபத்து இருந்ததா, கூலிக்காகச் செய்தாரா, காக்கப்பட்டவரின் சாட்சியம் உண்டா என்றெல்லாம் துருவி ஆராய்ந்த பின்னரே தருகின்றனர்.

"சிங்களவரைப் புகழ்ந்தால் குற்றத்துக்கு வெள்ளையடித்ததாகாதா?" என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் சாட்சிக் கூண்டில் ஏறி, "இவர் என்னை ஒளித்துவைத்தார்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த வினா என்ன? "யாரிடமிருந்து? எந்த நாளில்? பொலிஸ் எங்கே நின்றது?" காத்தவரின் கதையைச் சொல்லத் தொடங்கியவர், கொன்றவரின் கதையைச் சொல்லாமல் முடிக்க இயலாது. குற்றப்பத்திரிகையின் ஒரு பகுதியாகவே இவ்வேட்டை நாம் கேட்கின்றோம்.

2001இல் சர்வானந்தா ஆணைக்குழு அமைந்தது. 2004இல் சனாதிபதி சந்திரிகா மன்னிப்புக் கேட்டார். காத்தவர் பட்டியலொன்று இன்றுமில்லை. அன்று இருபது வயதாயிருந்தவருக்கு இன்று அறுபது கடந்துவிட்டது. காத்தவரிற் பலர் அவரினும் மூத்தோர். காலம் நமக்காகக் காத்திருக்குமா?

இன்னொன்று கசக்கும், ஆயினும் சொல்லுவோம். 1990 ஒற்றோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது, அவர்களுக்கு உதவிய தமிழர் எவரெனினும், அவர் பெயரும் இதே ஏட்டில் ஏறவேண்டும். அதைச் சொல்லவேண்டியவர்கள் முஸ்லிம் சோதரர்களே. அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுவோம்.

காக்கப்பட்டவர்கள் சத்தியக் கடதாசியிலே நாள், இடம், நடந்தது மூன்றையும் தரவேண்டும். காத்தவரோ அவர் குடும்பமோ விரும்பாவிடின் பெயரை வெளியிடமாட்டோம். கையொப்பமிடத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் இடலாம். கட்டணமில்லை. கடதாசிகளோடு நம் தோழர்கள் இருவர் பின்வரிசை மேசையில் இருக்கின்றனர்; அவர்களுள் ஒருவர் சிங்களத்திலும் எழுதிக்கொள்வார்.