கருவைக் காட்டிக் கேட்ட ஓட்டு

பாரூர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய கையோடு வந்து நிற்கும் தம்பி தங்கைகளே!

தேர்தல் மேடை என்றால் இங்கே ஏரித் தண்ணீர், மாங்காய் விலை. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் கிடக்கும் ஐந்து நாள் கருவுக்காக ஒரு நாடே கட்சி பிரிந்து ஓட்டுப் போட்ட கதையும் உண்டு.

2001 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஒரு கோடு கிழித்தார். மனிதக் கருவிலிருந்து அதுவரை எடுத்து வளர்த்த, எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை ஆராய மட்டுமே மத்திய அரசுப் பணம். இனிக் கருவை அழித்தால் சல்லிக்காசு கிடையாது. அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட அறுபதுக்கும் மேற்பட்ட செல் வரிசைகளில் பத்து இந்தியாவில் இருந்தன. ஏழு, மும்பை ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸில். மூன்று, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில். ஓசூரைத் தாண்டினால் வருகிற அதே பெங்களூருதான்! நம் கட்சிகளில் எது அதைப் பற்றி ஊர் ஊராகப் போய் வாய் திறந்தது?

அமெரிக்காவில் அது தேர்தல் சண்டை ஆனது. கருவும் உயிர்தான் என்றது ஒரு தரப்பு. குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சி, எப்படியும் கொட்டப்போகிற கருதானே, நோயாளிக்காவது உதவட்டும் என்றது மறுதரப்பு. இரண்டிலும் நேர்மை உண்டு. 2004 அக்டோபரில் மறுதரப்பின் துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸ் பேசியதில் அது இல்லை. தன் கட்சியின் வேட்பாளர் ஜான் கெர்ரி அதிபரானால் கிறிஸ்டோபர் ரீவ் போன்றவர்கள் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நடப்பார்களாம்! குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த அந்த சூப்பர்மேன் நடிகர் இறந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

கெர்ரி தோற்றார். அந்தத் தேர்தல் நடந்த அதே நவம்பர் 2 அன்று கலிபோர்னியா மக்கள் தனியாக ஓட்டுப் போட்டு இந்த ஆய்வுக்கு 300 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

எட்வர்ட்ஸ் மைக் பிடித்துச் சொன்னதை இங்கே நோட்டீஸ் அடித்து விற்கிறார்கள். ஆட்டிசமா, முதுகுத்தண்டா, மூட்டு வலியா, எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசி! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறையோ, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை போக மற்றதெல்லாம் இன்னும் ஆய்வுதான் என்கிறது. ஆய்வுக்கு நோயாளியிடம் பணம் கறக்கலாமா? நகையை அடகு வைத்துப் பெங்களூருக்குக் கார் பிடிக்கும் தாயிடம் இதை யார் சொல்வது?

உண்மை வேலை சத்தமில்லாமல் நடக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்களையே எடுத்து, குறையான மரபணுவுக்கு மாற்றைச் சேர்த்து, அவர்கள் உடம்பிலேயே செலுத்தினார்கள். ரத்தக்கசிவு நின்றது, 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. கருவை யாரும் தொடவில்லை.

கரு வேண்டுமென்றால் முதலில் கருமுட்டை வேண்டும். அதைக் கொடுப்பவருக்கு 23 வயது ஆகியிருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கலாம் என்கிறது 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம். 2022இல் ஈரோட்டில் பிடிபட்டது என்ன? 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதார் தயாரித்து, திரும்பத் திரும்பக் கருமுட்டை விற்றிருந்தார்கள். நான்கு நாள் பரபரப்பு. பிறகு எந்தத் தேர்தல் அறிக்கையில் அதற்கு இடம்?

வாசலுக்கு வரும் வேட்பாளரைக் கேளுங்கள்: அந்த நோட்டீஸ் அடிப்பவர்கள் மேல் எப்போது வழக்கு? கருத்தரிப்பு மையங்களைச் சோதிக்க மாவட்டத்தில் எத்தனை அதிகாரி? ஊசி போட வருகிறவரிடமும் ஒன்று கேளுங்கள். ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதற்கு எண் இருந்தாக வேண்டும். பணத்தை எண்ணும் முன் அந்த எண்ணை வாங்கிச் சரிபாருங்கள்.