ஓடி முடித்த பிறகு எங்கே போவது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோலாலம்பூருக்கு முதன்முறையாக வரும் உறவினரை எங்கே அழைத்துப் போவது? பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான், கே.எல்.சி.சி. இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்புவோர் குறைவு. அந்த நிலத்தில் ஒரு காலத்தில் குதிரைகள் ஓடின என்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கலாம். 1896ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சிலாங்கூர் டர்ப் கிளப்பின் பந்தயத் திடல் ஜாலான் அம்பாங்கில் அங்கேதான் இருந்தது. 1980களின் இறுதியில் அங்கே பந்தயம் நின்றது. பிறகு 1990களின் தொடக்கத்தில் சுங்கை பீசியில் புதிய திடல் வந்தது.

நிலத்துக்கு அருமையான மறுவாழ்வு கிடைத்துவிட்டது. அதன்மேல் ஓடிய உயிர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இது சூதாட்டம் சரியா தவறா என்ற வாதம் அல்ல. அதற்கு வேறு மேடை இருக்கிறது. பந்தயம் நடக்கிறது, அதில் ஓடும் விலங்குக்கு ஒருநாள் வயதாகிறது, அதற்குப் பிறகு அதன் சாப்பாட்டுச் செலவு யாருடையது? கேள்வி அவ்வளவுதான்.

ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். பந்தயக் குதிரை இரண்டு அல்லது மூன்று வயதில் ஓடத் தொடங்குகிறது. ஏழு, எட்டு வயதுக்குள் பெரும்பாலானவை ஓய்ந்துவிடும். காலில் தசைநார் கிழிந்தால் அதற்கும் முன்பே கதை முடிந்தது. ஆனால் நல்ல பராமரிப்பு இருந்தால் குதிரை 25 ஆண்டுகள், சில வேளைகளில் 30 ஆண்டுகள்கூட வாழும். நாலைந்து ஆண்டுகள் சம்பாதித்துக் கொடுத்துவிட்டு, இருபது ஆண்டுகள் யாரோ ஒருவரின் தயவில் வாழ வேண்டிய பிறவி அது. ஐம்பத்தைந்து வயதில் இ.பி.எப். பணத்தை எண்ணிப் பார்க்கும் மனிதருக்கே முதுமை பயமாக இருக்கிறது. குதிரைக்கு இ.பி.எப். கிடையாது.

நம் நாட்டில் ஓடும் குதிரைகளில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. குளிர்காலம் என்ற ஒன்றைப் பார்த்து வளர்ந்தவை. அவற்றைக் கொண்டுவந்து இந்த வெயிலிலும் புழுக்கத்திலும் ஓடவிட்டால் உடம்பு என்ன ஆகும்? குதிரைக்கும் மனிதனைப் போலவே வியர்வைதான் முக்கியமான குளிர்சாதனம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளுக்கு வந்த குதிரைகள் சிலவற்றுக்கு, தொடக்கத்தில் வியர்வை ஆறாக ஓடும். சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து அது குறைந்து, ஒருநாள் நின்றே போகும். மலேசியா, சிங்கப்பூர் குதிரை மருத்துவர்களுக்கு இது பழகிய நோய். வியர்க்காத குதிரை ஓடி முடித்ததும் நாய் இளைப்பதுபோல் இளைக்கும். உடல் சூடு இறங்காது. தோல் வறண்டு, முகத்தில் முடி உதிரும். உறுதியான மருந்து என்று எதுவும் இல்லை. தண்ணீர் ஊற்றி, மின்விசிறி வைத்து, வெயில் ஏறுமுன் பயிற்சியை முடித்துச் சமாளிக்க வேண்டியதுதான். குளிரான ஊருக்கு அனுப்பினால் பெரும்பாலும் தேறிவிடும். அனுப்புவதற்குத்தான் காசு வேண்டும்.

இதை முதலில் கண்டுபிடிப்பவர் உரிமையாளரும் அல்ல, ஜாக்கியும் அல்ல. விடிவதற்கு முன்பே லாயத்துக்கு வந்து, குளம்பைத் தூக்கிப் பார்த்து, உடம்பைத் தேய்த்துவிடும் சைஸ்தான். இந்த நாட்டு லாயங்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். (சைஸ் என்ற சொல்லே குதிரைக்காரரைக் குறித்தது. துரைமார்கள் வண்டியிலிருந்து காருக்கு மாறியபோது, காரோட்டிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.) குதிரை தீனியைப் பாதியில் விட்டால் அவருக்கு மனசு கேட்காது. வென்ற நாளில் கோப்பையுடன் படம் எடுக்கும்போது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பவரும் அவர்தான். ஆனால் குதிரை விற்கப்படும் நாளில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

விற்கப்பட்டு எங்கே போகிறது? அதிர்ஷ்டம் உள்ளவை சவாரிப் பள்ளிகளுக்குப் போகின்றன. சில போலோ ஆட்டத்துக்குப் போகின்றன. இது நல்ல வழிதான், ஆனால் சொல்வதுபோல் சுலபம் அல்ல. பந்தயக் குதிரைக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று, கதவு திறந்தால் பாய வேண்டும். அதன்மேல் பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைப்பதற்கு முன், மெல்ல நடக்கவும் நிற்கவும் பழக்க வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். பந்தயத்துக்குக் கொடுத்த தானியத்தைக் குறைத்துப் புல்லுக்கு மாற்ற வேண்டும். தானியத் தீனியும் லாயத்தில் அடைந்து கிடப்பதும் சேர்ந்து பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் இருக்கும். அதையும் ஆற்ற வேண்டும். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள உயிருக்கு நாளொன்றுக்கு எட்டு, பத்து கிலோ தீவனம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு செதுக்க ஆள். மருத்துவர் செலவு தனி. ஆண் குதிரைகளில் பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை என்பதால் இனப்பெருக்கத்துக்கும் உதவாது. இவ்வளவையும் தாங்கக்கூடிய வீடு எத்தனை இருக்கும்?

வேடிக்கை என்னவென்றால், முனீஸ்வரர் கோயில் வாசலில் நிற்கும் சுதைக் குதிரைக்குச் சாயம் மங்கினால் உடனே நன்கொடைப் புத்தகம் அச்சாகிவிடுகிறது.

குதிரைக்காவது சவாரி என்று ஒரு வழி உண்டு. பந்தய நாய்க்கு அதுவும் கிடையாது. கிரேஹவுண்ட் என்ற அந்த ஒல்லியான நாய் மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. வட்டத் தடத்தில் எப்போதும் ஒரே பக்கமாக வளைந்து ஓடுவதால், வலது பின்னங்காலின் கணுமூட்டு எலும்பு முறிவது அந்த நாய்களின் தொழில் நோய். நாலைந்து வயதில் ஓய்வு. அதற்குப் பிறகும் எட்டு, ஒன்பது ஆண்டு ஆயுள் மிச்சம் இருக்கும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் விசாரணை ஆணையம் ஒன்று 2016ஆம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. அதற்கு முந்தைய 12 ஆண்டுகளில் ஏறக்குறைய 49,000 முதல் 68,000 வரையிலான நாய்கள் கொல்லப்பட்டிருக்கும் என்றது அந்த அறிக்கை. காரணம், போதிய வேகம் இல்லை. அந்த மாநிலம் பந்தயத்தைத் தடை செய்யச் சட்டம் இயற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் அதே ஆண்டில் பின்வாங்கியது. நியூசிலாந்து அரசோ 2024 டிசம்பரில் நாய்ப் பந்தயத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கப் போவதாக அறிவித்தது.

நமக்குப் பக்கத்தில் நடந்த கதை மக்காவ் நகரத்துடையது. அங்கே 1930களிலிருந்து இருந்த நாய்ப் பந்தயத் திடலுக்கு 2016ஆம் ஆண்டில் அரசு கெடு விதித்தது. இரண்டு ஆண்டுகளில் வேறு இடம் பார்க்க வேண்டும், இல்லையேல் மூட வேண்டும். இரண்டு ஆண்டு என்பது குறைந்த அவகாசமா? 2018 ஜூலையில் திடல் மூடப்பட்ட அன்று, 500க்கும் மேற்பட்ட நாய்கள் கூண்டுகளில் அப்படியே இருந்தன. நிர்வாகம் எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை. அரசு அபராதம் விதித்தது. விலங்கு நல அமைப்பினர்தான் பொறுப்பை ஏற்று, இத்தாலி, பிரான்ஸ், அமெரிக்கா என்று நாடு நாடாக வீடு தேடி அனுப்பி வைத்தார்கள். கூண்டிலேயே வளர்ந்த கிரேஹவுண்டுகளுக்கு மாடிப்படி ஏறத் தெரியாது. கண்ணாடிக் கதவு என்றால் என்னவென்று தெரியாமல் முட்டிக்கொள்ளும். ஆனால் பழகிவிட்டால் அதைவிடச் சாதுவான நாய் இல்லை என்பார்கள் வளர்ப்பவர்கள். நாளில் பெரும் பகுதி தூங்கித்தான் கழிக்கும்.

இந்தக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். திடல்கள் நம்மைச் சுற்றியும் மூடிக்கொண்டு வருகின்றன. சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியது. 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அன்றோடு முடிந்தது. 1864ஆம் ஆண்டில் தொடங்கிய பினாங்கு டர்ப் கிளப் 2025 மே மாத இறுதியில் கடைசிப் பந்தயத்தை நடத்தியது. சிங்கப்பூரில் 16 மாதங்களுக்கு முன்பே அறிவித்து, குதிரைகளின் பராமரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் உரிமையாளர்களுக்கு உதவித் தொகை கொடுத்தார்கள். அந்தக் குதிரைகளில் ஒரு பகுதி மலேசியத் திடல்களுக்கே வந்தது. அதாவது அங்கே தீர்ந்த பிரச்சினையில் ஒரு பங்கு ஈப்போவுக்கும் சுங்கை பீசிக்கும் இடம் மாறியிருக்கிறது. அவையும் ஒருநாள் ஓய்வு பெறும்.

மலேசியாவில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். உணவும் இடமும் கொடுப்பது உரிமையாளரின் கடமை என்றும் அது சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் இன்றைக்கு உரிமையாளர் யார் என்பதைத்தான் சட்டம் கேட்கும். குதிரை நாலு கை மாறி, ஐந்தாவதாக வாங்கியவர் தீனி போட முடியாமல் தவித்தால், பிடிபடுபவர் அவர்தான். அது ஓடிய காலத்தில் பரிசுப் பணத்தை வாங்கியவர் நிம்மதியாக வீட்டில் இருப்பார். ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகள் இறைச்சிக்கூடத்துக்குப் போவதை 2019ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி படம்பிடித்துக் காட்டியபோது, குதிரைகளுக்கு நாடு தழுவிய பதிவேடு வேண்டும் என்ற குரல் அந்நாட்டு நாடாளுமன்றம் வரை எழுந்தது.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. நியூ சவுத் வேல்ஸில் குதிரைப் பந்தயப் பரிசுப் பணத்தில் நூற்றுக்கு ஒன்றை, ஓய்வு பெற்ற குதிரைகளின் மறுபயிற்சிக்கென எடுத்து வைக்கிறார்கள். 20,000 வெள்ளிப் பரிசு என்றால் 200 வெள்ளி. ஜெயித்த சந்தோஷத்தில் கூட்டாளிகளுக்குக் கொடுக்கும் ஒரு விருந்துக்கே அதைவிட அதிகம் ஆகும். அதை ஓடும்போதே பிடித்துவிட வேண்டும். ஓய்ந்த பிறகு தர்மமாகக் கேட்டால் வராது. மக்காவ் காட்டியது அதைத்தான். அங்கே அவகாசம் இருந்தது, பணம் ஒதுக்கப்படவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கோப்பிக் கடையில் பந்தயப் பக்கத்தைப் புரட்டுபவரும், கிள்ளானிலிருந்து சனிக்கிழமை சுங்கை பீசிக்குப் போகிறவரும் இந்தக் கேள்வியை டர்ப் கிளப்பிடம் கேட்கத் தகுதி உள்ளவர்களே. குதிரை வைத்திருப்பவர்களின் காதில், விலங்கு நல அமைப்பின் குரலைவிட, பந்தயம் கட்டுபவரின் குரல் சீக்கிரம் விழும்.

பந்தயமே பார்க்காதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைச் சவாரிக்கு அழைத்துப்போகும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். பணம் கட்டுவதற்கு முன் லாயத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, விலா எலும்பு தெரிகிறதா, குளம்பு வெடித்திருக்கிறதா? வெயிலில் சவாரி முடிந்து வந்த குதிரைக்கு வியர்த்திருக்கிறதா? வியர்க்காமல் மூச்சு வாங்கினால் அதை மறுபடி சவாரிக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நிலைமை மோசம் என்றால் கால்நடைச் சேவைத் துறையில் புகார் கொடுக்கலாம். எல்லாம் சரியாக இருந்தால், பக்கத்தில் நிற்கும் சைஸ் அண்ணனிடம், இந்தக் குதிரை முன்பு எந்தப் பெயரில் ஓடியது, எத்தனை முறை ஜெயித்தது என்று கேட்டுப் பாருங்கள். பல லாயங்களில் அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும்.